மூளையின் மின்புயலும் மாத்திரையின் கணக்கும்

வலிப்பு வந்து ஒருவர் தெருவில் விழுந்துவிட்டால் நம் ஊரில் முதலில் எழும் குரல், "இரும்பு எங்கே? சாவிக்கொத்து எங்கே?" என்பதுதான். யாரேனும் ஒருவர் ஓடிவந்து ஒரு சாவியைக் கையில் திணிப்பார். சற்று நேரத்தில் உதறல் அடங்கும். சூழ நின்றவர்கள், "பார்த்தீர்களா, இரும்பு பட்டதும் நின்றுவிட்டது" என்று சொல்லிக்கொண்டே கலைந்து செல்வார்கள்.

இதில் இரும்பின் பங்கு என்ன? எதுவுமில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று அல்லது இரண்டு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும் இயல்புடையவை. சாவிக்கொத்தைத் தேடி எடுத்துவர ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுவே. அந்த நேரத்தில் கையில் ஒரு வெண்டைக்காயைத் திணித்திருந்தாலும் வலிப்பு நின்றுதான் இருக்கும். செய்யவேண்டியது மிகச் சில. தலைக்கடியில் மெத்தென ஒரு துணியை மடித்து வைக்க வேண்டும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்த வேண்டும். உதறல் தணிந்ததும் எச்சில் வெளியே வழியுமாறு ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் கரண்டி, துணி, விரல், தண்ணீர் எதையும் நுழைக்கக் கூடாது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மிகவும் நல்லது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அந்த இரண்டு நிமிடங்கள் பார்ப்பவரை அச்சுறுத்துகின்றன. ஆகவே எல்லோருடைய கவனமும் அங்கேயே நின்றுவிடுகிறது. மருந்தின் வேலையோ வலிப்பு வராத மற்ற நாட்களில்தான் நடக்கிறது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் இவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ இயலும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஆயினும் ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பேருக்கு வேண்டிய சிகிச்சை கிடைப்பதில்லை. மருந்து இல்லாமையால் அன்று. அவற்றுள் ஒன்று நூறாண்டுகளைத் தாண்டிய பழைய மருந்து, விலையும் மலிவு.

இக்கட்டுரையை எழுதுபவன் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் இந்த நோயிலும் இதன் மருந்திலும் இயற்பியலுக்கு நிறைய இடம் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்தே பார்ப்போம்.

தேரும் வடமும்

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவின் உள்ளேயும் வெளியேயும் சோடியம், பொட்டாசியம் முதலிய அயனிகள் சமமின்றிப் பரவியுள்ளன. அதனால் அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. எழுபது மில்லிவோல்ட்தானே என்று எண்ணாதீர்கள். இந்த அழுத்தம் தாங்கி நிற்கும் சவ்வின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். அழுத்தத்தைத் தடிமனால் வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்! காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் ஏறினாலே தீப்பொறி பறக்கும். அதைப்போல் மூன்று மடங்கு மின்புலத்தை நம் தலைக்குள் ஒவ்வொரு சவ்வும் அமைதியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

சவ்வில் மிக நுண்ணிய வாயில்கள் உண்டு. ஒரு தூண்டல் வந்ததும் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. நேர்மின் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மின்னழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிவோல்ட் துள்ளி எழுந்து, ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் அடங்குகிறது. இதுவே நரம்புத் துடிப்பு. அது நரம்பிழையின் முனையை அடைந்ததும் ஒரு வேதிப்பொருள் சுரந்து அடுத்த அணுவுக்குச் செய்தியைக் கடத்துகிறது. குளூட்டமேட் என்ற பொருள் சுரந்தால் அடுத்த அணு தூண்டப்படும். காபா என்ற பொருள் சுரந்தால் அடுத்த அணு அடக்கப்படும். முடுக்கியும் தடையும் ஒரே வண்டியில் இருப்பது போல.

இயல்பான நிலையில் நரம்பணுக்கள் ஆளுக்கொரு வேளையில் துடிக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் பேச்சுப் பேசுவது போன்றது அது. இரைச்சல் இருக்கும், ஆனால் தேர் நகராது. ஒருவர் குரல் கொடுக்க, வடம் பிடித்தோர் எல்லோரும் ஒரே தாளத்தில் இழுத்தால்தான் தேர் அசையும். மூளையில் ஏதோ ஓரிடத்தில் ஒரு கூட்டம் அணுக்கள் இப்படி ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கி, அக்கம்பக்கத்து அணுக்களையும் தம்முடன் சேர்த்துக்கொண்டால், யாரும் விரும்பாத தேர் ஒன்று ஓடத் தொடங்குகிறது. அதுவே வலிப்பு. கையை இயக்கும் பகுதியில் தொடங்கினால் கை உதறும். பார்வைப் பகுதியில் தொடங்கினால் ஒளிப்பொறிகள் தெரியும். மூளை முழுதும் பரவினால் நினைவிழந்து உடல் முழுதும் விறைத்து உதறும்.

உதறலே இல்லாத வலிப்பும் உண்டு. வகுப்பில் ஒரு குழந்தை சில நொடிகள் வெறித்துப் பார்க்கும். கையிலுள்ள பென்சில் நிற்கும். பிறகு ஒன்றுமே நடவாதது போல் எழுதத் தொடங்கும். ஒரு நாளில் பலமுறை இப்படி நடக்கும். "கனவு காண்கிறாயா?" என்று ஆசிரியர் அதட்டுவார். அந்தச் சில நொடிகளில் அக்குழந்தையின் மூளை முழுவதும் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் ஒரே சீராக அலை எழுந்து அடங்கியிருக்கும். ஆசிரியர்களாகிய நாம் இதை அறிந்து வைத்திருப்பது அவசியம்.

இந்த அலைகளை முதன்முதலாக மனிதரிடம் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜெனா நகரில் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர். 1924ஆம் ஆண்டில் பதிவு செய்தவர், ஐந்து ஆண்டுகள் தயங்கி, 1929இல்தான் அதை வெளியிட்டார். மண்டைத் தோலின்மேல் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 50 மைக்ரோவோல்ட். டார்ச்சு விளக்கின் ஒரு மின்கலம் தருவதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! அக்காலக் கருவிகளைக் கொண்டு இதை அளந்தது எவ்வளவு பெரிய செயல் என்பதை, கால்வனோமீட்டரோடு மல்லாடிய மாணவர்கள் உணர்வார்கள்.

தவறான காரணம், சரியான மருந்து

இந்நோய் தெய்வக் குற்றமன்று, மூளையின் கோளாறு என்று கிரேக்க மருத்துவ நூல் ஒன்று சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டது. அது ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல். ஆனால் உருப்படியான மருந்து கிடைக்க 1857ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு மே மாதம் லண்டன் மருத்துவச் சங்கக் கூட்டம் ஒன்றில் சர் சார்லஸ் லோக்காக் எழுந்து, சில பெண்களின் வலிப்பைப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்துத் தாம் நிறுத்தியதாகக் கூறினார். இவர் விக்டோரியா அரசிக்குப் பேறுகாலம் பார்த்த மருத்துவர். பெண்களின் வலிப்புக்கு மாதவிடாயும் காம உணர்ச்சியும் காரணம், புரோமைடு அவ்வுணர்ச்சியைத் தணிக்கும் என்பது அவருடைய எண்ணம். காரணம் முற்றிலும் தவறு. ஆனால் மருந்து வேலை செய்தது! பெண்களுக்கு மட்டுமன்றி ஆண்களுக்கும் வேலை செய்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் வலிப்புக்குப் புரோமைடே முதன்மை மருந்தாக விளங்கிற்று. உடலைவிட்டு மிக மெதுவாகவே வெளியேறுவதால் அது உள்ளே சேர்ந்து சேர்ந்து மந்தம், தோல் கொப்புளம், மனக்குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கியது என்பது வேறு கதை.

1912இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், லூமினால் என்ற பெயரில் அப்போதுதான் விற்பனைக்கு வந்த உறக்க மருந்தை வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்தார். உறங்கினார்கள், கூடவே வலிப்பின் எண்ணிக்கையும் குறைந்தது. இதுவே ஃபினோபார்பிட்டோன். மேலே சொன்ன நூறாண்டு மருந்து இதுதான். உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது.

இதுவரை நடந்தவை எல்லாம் தற்செயல்கள். அளந்து தேடியவர்கள் என்று பாஸ்டன் நகரத்தின் ஹூஸ்டன் மெரிட், டிரேசி புட்னம் ஆகிய இருவரையும் சொல்ல வேண்டும். உறங்கவைக்கும் தன்மையும் வலிப்பை அடக்கும் தன்மையும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். இவர்கள் அதை ஐயுற்றார்கள். பூனையின் தலை வழியே சிறிது மின்னோட்டத்தைச் செலுத்தி, எத்தனை மில்லியாம்பியரில் வலிப்பு வருகிறது என்று அளந்தார்கள். பிறகு ஒரு வேதிப்பொருளைக் கொடுத்து மீண்டும் அளந்தார்கள். வலிப்பு வர இப்போது கூடுதல் மின்னோட்டம் தேவைப்பட்டால் அப்பொருள் மூளையின் வரம்பை உயர்த்துகிறது என்று பொருள். இவ்வாறு பல பொருள்களைச் சோதித்ததில் ஒன்று சிக்கியது. 1908இல் பில்ட்ஸ் என்ற ஜெர்மானியர் உருவாக்கி, உறக்கம் தரவில்லை என்பதால் யாராலும் தேடப்படாமல் கிடந்த ஃபெனிடாயின் அது. 1938இல் அவர்கள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார்கள். தூக்கக் கலக்கமின்றி வலிப்பை அடக்கலாம் என்பது அன்று பெருஞ்செய்தி.

வால்புரோயேட்டின் கதையை என் மாணவர்களுக்குச் சோதனை முறைபற்றிச் சொல்லும்போதெல்லாம் சொல்வதுண்டு. 1882இல் பர்ட்டன் என்ற அமெரிக்கர் தயாரித்த இந்த அமிலத்தை, நீரில் கரையாத மருந்துகளைக் கரைக்கும் திரவமாகவே பலகாலம் பயன்படுத்தி வந்தனர். 1962இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பியர் எய்மார் என்பவர் சில புதிய பொருள்களை இதில் கரைத்துச் சோதித்தார். எல்லாமே வலிப்பைத் தடுத்தன! ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பொருள்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்தால் ஐயம் வரவேண்டும் அல்லவா? வந்தது. கரைப்பானை மட்டும் தனியே கொடுத்துப் பார்த்தனர். மருந்து அதுதான்.

மருந்து எங்கே பிடிக்கிறது?

வலிப்பை அடக்க வேண்டுமானால் மூளையையே உறங்கவைத்துவிட்டால் போதும். ஆனால் அப்படிப்பட்டவர் படிப்பது எப்படி, உழைப்பது எப்படி? இயல்பான துடிப்பை விட்டுவிட்டு வெறிகொண்ட துடிப்பை மட்டும் பிடிக்கவேண்டும். ஃபெனிடாயினும் கார்பமசெபினும் இதைச் செய்யும் விதம் அழகானது. சோடியம் வாயில் ஒருமுறை திறந்து மூடியதும், மறுபடி திறக்கத் தயாராகுமுன் சிறிது நேரம் பூட்டிய நிலையில் இருக்கும். இம்மருந்துகள் அந்தப் பூட்டிய நிலையில் உள்ள வாயிலையே விரும்பிப் பற்றிக்கொண்டு, அது மீள்வதைத் தாமதப்படுத்துகின்றன. நிதானமாகத் துடிக்கும் அணுவில் பூட்டிய வாயில்கள் குறைவு. மருந்துக்கு வேலையும் குறைவு. நொடிக்கு நூறுமுறை வெறியோடு துடிக்கும் அணுவில் பூட்டிய வாயில்கள் மிகுதி. மருந்தின் பிடியும் மிகுதி. வேகம் கூடக்கூடத் தானே அழுந்தும் தடை எனலாம்.

ஃபினோபார்பிட்டோன் வேறு வழியில் செல்கிறது. காபா திறக்கும் அடக்குவாயிலைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. பிள்ளைகளின் வெறித்த பார்வை வலிப்புக்கு எதோசக்சிமைடு. இது கால்சியம் வாயில்களில் ஒரு வகையைப் பிடிக்கிறது. அந்த வகை வலிப்புக்குக் கார்பமசெபினோ ஃபெனிடாயினோ கொடுத்தால் நோய் மோசமாகவும் கூடும். ஆகவே "அண்டை வீட்டுப் பையனுக்குக் கேட்ட மருந்து" என்று வாங்கிக் கொடுப்பது ஆபத்து. 1999க்குப் பின் பரவலாகிய லெவெடிராசிட்டம், நரம்பிழை முனையில் வேதிப்பொருளைச் சுமக்கும் நுண்பைகளில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றுகிறது. அது வலிப்பை எவ்வாறு தடுக்கிறது என்பதன் முழு விவரம் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

இவை யாவும் நோயின் வேரை அகற்றுபவை அல்ல. வரம்பை உயர்த்துகின்றன, அவ்வளவே. ஆற்றங்கரையை உயர்த்திக் கட்டுவது போல. கரை உயரமாக இருக்கும்வரை வெள்ளம் ஊருக்குள் வராது. கரை ஒருநாள் தாழ்ந்தால்? இங்கேதான் கணக்கு தொடங்குகிறது.

அரை ஆயுள்

மின்தேக்கி ஒன்றை மின்னேற்றி, ஒரு மின்தடை வழியே இறக்கினால், மின்னழுத்தம் முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் குறையும். பாதியாக ஆகும் நேரம் எப்போதும் ஒன்றே. கதிரியக்கப் பொருளுக்கும் அப்படியே. குருதியில் உள்ள பெரும்பாலான மருந்துகளுக்கும் அப்படியே. மருந்தின் அளவு பாதியாகக் குறையும் நேரத்தை அதன் அரை ஆயுள் என்பர்.

ஃபினோபார்பிட்டோனின் அரை ஆயுள் பெரியவர்களில் ஏறத்தாழ நான்கு நாட்கள். நாள்தோறும் ஒரு மாத்திரை உண்டால் குருதியில் மருந்தளவு படிப்படியாக ஏறும். நான்கு நாட்களில் தன் இறுதி அளவில் பாதியை எட்டும். எட்டு நாட்களில் முக்கால். இருபது நாட்களில் 100க்கு 97 பங்கு. ஆகவே முதல் வாரத்திலேயே, "மருந்து கேட்கவில்லை" என்று மருத்துவரை மாற்றுபவர்கள் மருந்து முழுதாக ஏறுமுன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. ஒருநாள் மறந்துவிட்டால் அளவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் குறையும்.

லெவெடிராசிட்டமின் அரை ஆயுளோ சுமார் 7 மணி நேரம். காலை மாத்திரைக்குப்பின் குருதியில் 100 பங்கு இருந்ததாகக் கொள்வோம். 12 மணி நேரம் கழித்து 30 பங்கு இருக்கும். மாலை மாத்திரை வந்து மறுபடி ஏற்றிவிடும். மாலை மாத்திரையை மறந்தால், மறுநாள் காலையில் எஞ்சுவது 9 பங்கு. கரை பத்தில் ஒரு பங்காகத் தாழ்ந்துவிட்டது! "ஒரு வேளைதானே" என்று ஒரே வாயால் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு வேளையின் விலை மருந்துக்கு மருந்து வேறு.

என் மாணவர் ஒருவர் விடுதியில் தங்கிப் படித்தவர். ஓராண்டுக்கு மேல் வலிப்பின்றி இருந்தவர், பருவத் தேர்வு வாரத்தில் ஆய்வகத்திலேயே விழுந்தார். பிறகு மெல்ல விசாரித்தபோது தெரிந்தது: அறை நண்பர்கள் பார்த்துவிடுவார்களே என்று இரவு மாத்திரையை அவர்கள் உறங்கிய பின்பே எடுப்பது அவர் வழக்கம். தேர்வு வாரத்தில் நண்பர்கள் உறங்கவே இல்லை. அவரும் உறங்கவில்லை, மாத்திரையும் எடுக்கவில்லை. உறக்கமின்மை தானே வலிப்பைத் தூண்டும். கரை தாழ்ந்த அன்றே வெள்ளமும் வந்தது. மருத்துவர் மருந்தை மாற்றவில்லை. விடுதிக் காப்பாளரிடமும் இரண்டு நண்பர்களிடமும் சொல்லிவிடும்படி மட்டும் அறிவுறுத்தினார். அதன்பின் அவர் மேசைமேல் வெளிப்படையாகவே மாத்திரைப் பெட்டி இருந்தது.

ஃபெனிடாயின் என்ற விதிவிலக்கு

மேலே சொன்ன அரை ஆயுள் கணக்கு ஃபெனிடாயினுக்குப் பொருந்தாது. காரணம் கல்லீரலில் இருக்கிறது. மருந்தைச் சிதைத்து வெளியேற்றுபவை அங்குள்ள நொதிகள். ரேஷன் கடையில் எடைபோடுபவர் இருவர் இருப்பதாகக் கொள்ளுங்கள். கூட்டம் குறைவாக இருக்கையில், எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை பேரும் உடனே சாமான் வாங்கிப் போய்விடுவர். கூட்டம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், எத்தனை பேர் வந்தாலும் மணிக்கு வெளியே போகிறவர் எண்ணிக்கை கூடாது, வரிசைதான் நீளும். ஃபெனிடாயினைச் சிதைக்கும் நொதிகள், மருந்து பயன்தரும் அளவிலேயே ஏறக்குறைய நிரம்பிவிடுகின்றன.

எண்களில் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல் நாளொன்றுக்கு அதிகமாகப் போனால் 420 மில்லிகிராம் ஃபெனிடாயினைச் சிதைக்கும் என்றும், குருதியில் மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் இருக்கும்போது அதில் பாதி வேகத்தில் சிதைக்கும் என்றும் கொள்வோம். இவை சராசரியை ஒட்டிய எண்கள். ஆளுக்கு ஆள் மாறும். நாளுக்கு 300 மில்லிகிராம் உண்டால் குருதியில் நிலைக்கும் அளவு 10 மைக்ரோகிராம். 350 உண்டால் 20. 400 உண்டால் எவ்வளவு? 23 என்றோ 30 என்றோ சொல்லத் தோன்றும். விடை 80! பயன்தரும் எல்லை 10 முதல் 20 வரை. 20ஐத் தாண்டினால் கண்விழி தானே ஆடத் தொடங்கும். 30ஐத் தாண்டினால் நடை தள்ளாடும். 40ஐத் தாண்டினால் மயக்கமும் குழப்பமும். உண்மையில் 80ஐ எட்டுமுன்பே ஆளை மருத்துவமனையில் சேர்த்திருப்பார்கள். 300 மில்லிகிராமில் வலிப்பு முழுதாக நிற்காதவருக்கு மருத்துவர் 25 அல்லது 30 மில்லிகிராம் மட்டும் கூட்டும்போது, "இவ்வளவு கொஞ்சமா?" என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பல ஆண்டுகளாக அதே அளவில் ஃபெனிடாயின் உண்டு நலமாக இருந்த நோயாளிகள் பலர் தள்ளாடத் தொடங்கினார்கள். மருந்து மிகுந்ததற்கான எல்லா அறிகுறிகளும் தெரிந்தன. மருந்தளவு மாறவில்லை. ஆராய்ந்தபோது, குப்பிகளில் மருந்தோடு கலந்து நிரப்பும் வெறும் பொடியைத் தயாரிப்பாளர் மாற்றியிருந்தது தெரிந்தது. முன்பு கால்சியம் சல்பேட். இப்போது பாலில் உள்ள சர்க்கரையாகிய லாக்டோஸ். கால்சியம் சல்பேட் இருந்தவரை மருந்தில் ஒரு பங்கு குடலில் உறிஞ்சப்படாமலே போய்க்கொண்டிருந்தது. லாக்டோஸ் வந்ததும் அது உடலுக்குள் சேர்ந்தது. சிறிது கூடுதல்தான், ஆனால் ஃபெனிடாயினுக்குச் சிறிது என்பதே இல்லை என்பதை மேலே கண்டோம். மருந்துக்கடையில் "இந்தக் கம்பெனி இல்லை, அதே மருந்து வேறு கம்பெனி தரட்டுமா?" என்று கேட்கும்போது, இந்த ஒரு நோய்க்காவது மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுவது நல்லது.

ஒரு மருந்தா, பல மருந்தா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குவான், பிரோடி ஆகிய இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். அதுவரை மருந்தே உண்ணாத 470 பேரில் 47 விழுக்காட்டினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது தனி மருந்தில் மேலும் 14 விழுக்காட்டினருக்கு நின்றது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் 3 விழுக்காட்டினருக்கு மட்டுமே. மருந்துகளைக் குவிப்பதால் பயன் குவிவதில்லை என்பது இதனால் விளங்கும். இரண்டு மருந்துகளைச் சரியாகத் தேர்ந்து சரியான அளவில் கொடுத்தும் அடங்காத வலிப்பைப் பெரிய மருத்துவமனையில் காட்டுவதே முறை. அவர்களில் சிலருக்கு மூளையின் குறிப்பிட்ட இடத்தில் அறுவை செய்து நோயை நிறுத்த இயலும்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரியும் உண்டு. ஃபெனிடாயின் ஈறுகளைத் தடிக்கச் செய்யும். ஃபினோபார்பிட்டோன் பிள்ளைகளைப் படிப்பில் மந்தமாக்கலாம். லெவெடிராசிட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக்கும். கார்பமசெபின் தொடங்கிய சில வாரங்களில் உடலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆசிய மக்களில் சிலருக்கு உள்ள ஒரு மரபணுவினால் அது தோல் உரியும் கடுமையான நோயாக மாறக்கூடும். ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபினோபார்பிட்டோன் மூன்றும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

வால்புரோயேட்டைப் பற்றிப் பெண்கள் தனியே அறியவேண்டும். கருவுற்ற காலத்தில் தாய் இதை உண்டால், பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு உறுப்புக் குறையும், நூறில் 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்னடைவும் ஏற்படுவதாகக் கண்டுள்ளனர். இதைப் படித்துவிட்டுக் கருவுற்ற ஒருவர் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென வரும் பெருவலிப்பு தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. மருந்தை மாற்றும் காலம் கருவுறுவதற்கு முன்பு. ஆனால் அதற்கு, மாத்திரை உண்ணும் செய்தி வீட்டில் தெரிந்திருக்க வேண்டுமே! பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்பதை மறைத்து மணம் முடிப்பது நம்மிடையே இன்னும் நடக்கிறது. மணமகள் புதுவீட்டில் மாத்திரையை அரிசிப்பானையில் ஒளிக்கிறாள். ஒளிக்க இடமில்லாத நாளில் விட்டுவிடுகிறாள். வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறிய இந்துத் திருமணச் சட்டத்தின் சொற்கள் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டன. சட்டத்தில் இல்லாத தடை இன்னும் பேச்சில் இருக்கிறது.

எப்போது நிறுத்தலாம்?

"ஆயுள் முழுதும் உண்ண வேண்டுமா?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. எல்லோருக்கும் இல்லை. நம் நாட்டில் வலிப்போடு வருபவர் பலருக்கு, மூளையைக் கதிர்ப்படம் எடுத்தால் ஒரே ஒரு சிறு புள்ளி தெரியும். காசநோய்க் கட்டி என்று கருதி நெடுங்காலம் அதற்கே மருந்து கொடுத்து வந்தனர். பெரும்பாலும் அது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி மடிந்ததன் அடையாளமே என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1980களின் இறுதியில் காட்டினார்கள். இந்தப் புள்ளி சில மாதங்களில் தானே மறைவதுண்டு. அப்படி மறைந்தவர்களில் பலருக்கு மருந்தும் நீண்டகாலம் தேவைப்படுவதில்லை.

மற்றவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளேனும் வலிப்பின்றிக் கழிந்தபின் மருத்துவர் யோசிப்பார். பிரிட்டனில் இப்படி இரண்டு ஆண்டுகள் வலிப்பின்றி இருந்த 1,013 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். மறு பிரிவினருக்குத் தொடர்ந்தார்கள். 1991இல் வெளிவந்த முடிவு இது: அடுத்த இரண்டு ஆண்டுகளில் நிறுத்தியவர்களில் 41 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் வலிப்பு மீண்டும் வந்தது. இந்த இரு எண்களையும் இருவர் இருவிதமாகப் படிக்கலாம். பள்ளி மாணவன் ஒருவன், "நூற்றில் 59 பேருக்கு வரவில்லையே" என்று நிறுத்திப் பார்க்கத் துணியலாம். பனையேறி ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், கைக்குழந்தையோடு கிணற்றில் நீர் இறைக்கும் ஒருவர் அவ்வாறு துணிய முடியாது.

நிறுத்துவதென்று முடிவானாலும் மாத்திரையை ஒரே நாளில் எறிந்துவிடுவதில்லை. பல மாதங்களில், சிறிது சிறிதாக, ஒவ்வொரு படியிலும் சில வாரங்கள் நின்று குறைப்பார்கள். ஃபினோபார்பிட்டோனைத் திடீரென நிறுத்தினால், இத்தனை நாளும் அடக்கப்பட்டிருந்த மூளை முன்னிலும் வேகமாகத் துள்ளும். நிற்காத வலிப்பு அவ்வாறு வருவதுண்டு. குறைக்கும் அந்த மாதங்களில் இரவு உறக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏணி ஏறுதல், தனியே நீந்துதல், வண்டி ஓட்டுதல் ஆகியவை கூடா. குளியலறைக் கதவைத் தாழிடாமல் சாத்திவைத்தால் போதும். மூக்கில் தெளிக்கும் மிடசோலம் மருந்துக் குப்பி ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, எப்படித் தெளிப்பது என்பதை வீட்டில் இருவரேனும் பழகிக்கொண்டு, எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் வைத்திருக்கலாம்.